சுவருக்கு அந்தப் பக்கத்து மெஷின்

மெட்ராஸ் என்ற பெயர் சென்னை ஆகி ஓரிரு வருடம் ஆகியும் நாங்கள் எல்லாரும் மெட்ராஸ் என்றே சொல்லிக்கொண்டிருந்த சமயம் அது. தி. நகரில் ஒரு மாடியில் இருந்த சின்ன சர்வீஸ் சென்டரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஊர் முழுக்க விண்டோஸ். லினக்ஸ் என்று யாராவது போன் செய்தால் முதலாளி நிமிர்ந்துகூடப் பார்க்காமல் என் பக்கம் கையைக் காட்டுவார். ஏதோ ஒரு பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியை வீட்டில் போட்டுப் போட்டுக் கற்றுக்கொண்ட வித்தை. அதில் எனக்குத் தலைக்கனம் உண்டு. மெஷின்களை எனக்குப் பிடிக்கும், மெஷின் வைத்திருக்கும் மனிதர்களைப் பிடிக்காது. அவர்கள் பேசிக்கொண்டே இருப்பார்கள், பழுதைத் தவிர எல்லாவற்றையும் சொல்வார்கள்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு மயிலாப்பூரில் நான் ரிப்பேர் பார்க்கப் போன மெஷினில் ஒரு ரிப்பேரும் இல்லை. அதற்கு அந்தப் பக்கம், ஒன்பது அங்குலச் சுவர் ஒன்றுக்கு அப்பால், ஒரு மனிதர் தரையில் விழுந்து கிடந்தார். அவருக்கு உயிர் இருந்தது. நான் இரண்டு மணி நேரம் அவரிடமிருந்து ஆறடி தூரத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தேன்.

குளத்துக்குப் பின்னால் இருக்கும் சந்துகளில் ஒன்றில் அந்த வீடு. காலை ஒன்பதரைக்குப் போனேன். கதவைத் திறந்த மாமி உள்ளே வழிவிட்டார். கூடத்துக்குள் காலை வைத்ததும் ஏதோ சரியில்லை என்று பட்டது, என்னவென்று பிடிபடக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கூடத்தின் நட்ட நடுவில் ஒரு சுவர் எழும்பியிருந்தது. சிவப்புத் தரையில் ஓடும் கறுப்பு பார்டர் அந்தச் சுவரின் அடியில் போய் மறைந்தது. மேலே ஊஞ்சல் மாட்டும் வளையங்கள் இரண்டு மட்டும் தெரிந்தன. மற்ற இரண்டும் அந்தப் பக்கம் இருக்க வேண்டும். ஜன்னலில் பாதியைச் சுவர் தின்றிருந்தது. அதற்கு வெள்ளை அடித்திருந்தார்களே தவிர, பூச்சை யாரும் தேய்த்து வழவழப்பாக்கவில்லை. அவசர அவசரமாகக் கட்டிய சுவர் என்று பார்த்தாலே தெரிந்தது.

கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற பெரியவர் வீடு அது. வெள்ளை வேட்டி, மடிப்புக் கலையாத சட்டை, எதையும் மணி கணக்கோடு சொல்லும் பழக்கம்.

“நேத்து சாயங்காலம் அஞ்சரைக்கு ஷட்டவுன் குடுத்தேன். இன்னும் ஆகலை,” என்றார்.

“இன்னும்னா? ராத்திரி பூரா இப்படியேவா சார்?”

“பிளக்கைப் பிடுங்கிடலாமேன்னு இவ சொன்னா. பையன் அமெரிக்கா போறச்சே ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போனான், எது வந்தாலும் பிளக்கைப் பிடுங்கப்படாதுன்னு. அதான் விட்டுட்டேன்.”

பையன் சொன்னது சரிதான். அந்த மெஷின்கள் அணையும் முன் திறந்திருக்கும் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக மூடும். அது முடிவதற்குள் கரண்டை நிறுத்தினால் உள்ளே இருக்கும் ஃபைல்கள் சிதறிப்போகும். திரையைப் பார்த்தேன். கறுப்பில் வெள்ளை எழுத்துகள். எல்லாவற்றையும் மூடிக்கொண்டே வந்து ஒரே இடத்தில் நின்றிருந்தது. அதற்குக் கீழே ஒரே வரி, திரும்பத் திரும்ப, திரையின் அடிவரைக்கும் வந்திருந்தது. ஆங்கிலத்தில்தான் இருந்தது. தமிழில் சொன்னால் இப்படி வரும்: சர்வர் சித்தப்பா பதில் தரவில்லை, தொடர்ந்து முயல்கிறேன்.

“சித்தப்பாங்கறது யார் சார்?” என்று கேட்டேன்.

“பையன் வெச்ச பேர். இதுக்கு அப்பா, அதுக்கு சித்தப்பா.”

“எதுக்கு?”

பெரியவர் மோவாயை மட்டும் சுவரின் பக்கம் அசைத்தார்.

“இவரோட தம்பி,” என்று சமையலறை வாசலிலிருந்து மாமி சொன்னார். “அந்தப் பக்கம் இருக்கார். தனியாத்தான்.”

“உன்னை யாரும் கேக்கலை,” என்றார் பெரியவர்.

மிச்சக் கதையைக் காபி கொண்டுவந்தபோது மாமிதான் அரைக்குரலில் சொன்னார். அண்ணன் தம்பிக்குள் பேச்சு வார்த்தை நின்று ஏழு வருடம். காரணத்தை அவர் சொல்லவில்லை, எனக்கு இன்றுவரை தெரியாது. அவர்கள் பையன் ஒருவன்தான் இரண்டு பக்கமும் போய்வந்துகொண்டிருந்தான். அவன்தான் இரண்டு வீட்டுக்கும் ஒவ்வொரு மெஷின் கட்டிக்கொடுத்தான். சுவரில் தரையை ஒட்டி ஓட்டை போட்டு, இரண்டையும் ஒரு கேபிளால் இணைத்தான். அப்பா எழுதும் புத்தகத்துக்கு ஒரு நகல் சித்தப்பாவின் மெஷினில், சித்தப்பா எழுதும் சங்கீதக் குறிப்புகளுக்கு ஒரு நகல் அப்பாவின் மெஷினில். ஒன்று கெட்டுப்போனாலும் இன்னொன்றில் பத்திரமாக இருக்கும். பையன் அமெரிக்கா போன பிறகு அந்தக் கேபிளை இரண்டு பேருமே தொடவில்லை. குழந்தை போட்டது, இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்களாம்.

ஆக, விஷயம் எனக்கு இரண்டு நிமிடத்தில் விளங்கிவிட்டது. இந்த மெஷின் அணைவதற்கு முன்னால் அந்த மெஷினோடு உள்ள தொடர்பை முறையாக முடித்துக்கொள்ளப் பார்க்கிறது. அங்கிருந்து பதில் இல்லை. பதில் வரும் வரைக்கும் இது நகராது. அது பழுதில்லை, அப்படித்தான் இதை எழுதி வைத்திருக்கிறார்கள்.

“அந்த மெஷின் ஆன்ல இருக்கானு பார்க்கணும் சார். ஒரு நிமிஷம் போய்ப் பார்த்துட்டு வந்துடறேன்.”

“இந்த ஆத்துலேர்ந்து போறவா யாரும் அங்கே போறதில்லை.”

“ஒரு போன் பண்ணிக் கேட்டாலும் போதும்.”

“பேசறதும் இல்லை.” அவர் குரல் உயரவேயில்லை. “இந்தப் பக்கத்துல என்ன செய்யலாமோ அதைச் செய்யுங்கோ.”

மாமி வாயைத் திறந்தார், அப்புறம் மூடிக்கொண்டார். டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் கவனித்தேன், கவனிக்காமல் இல்லை. ஆனால் வாடிக்கையாளர் வீட்டுச் சண்டையில் மூக்கை நுழைக்காமல் இருப்பதை ஒரு நல்ல பழக்கம் என்றே நினைத்திருந்தேன். அதில் பெருமைகூட இருந்தது. இந்தப் பக்கத்தில் செய்ய வேண்டியது சுலபம். மற்றதெல்லாம் ஏற்கெனவே மூடியாகிவிட்டதால் தைரியமாக ரீசெட் பொத்தானை அழுத்தி மெஷினை மறுபடி எழுப்பி, அந்தப் பக்கத்து டிஸ்க்கைத் தேடு என்று சொல்லும் ஒரே ஒரு வரிக்கு முன்னால் ஒரு குறி போட்டேன். குறி போட்ட வரியை மெஷின் படிக்காது. இனிமேல் சித்தப்பா என்று ஒருவர் இருப்பதே அதற்குத் தெரியாது.

அடுத்தது கேபிள். அது அந்தக் காலத்துக் கறுப்பு ஒயர், டிவி கேபிள் மாதிரி. வழியில் எங்கே ஒரு முனை கழன்றாலும் மொத்தமும் செத்துப்போகும். எப்படியும் செத்துவிட்டது, கழற்றி ஒதுக்கிவிடலாம் என்று மேஜைக்கு அடியில் புகுந்தேன்.

மேஜைக்கு அடியில் வெளிச்சம் இல்லை. ஓட்டையைச் சுற்றி சிமெண்ட் உதிர்ந்து கிடந்தது. கையை அருகில் கொண்டுபோனபோது உள்ளிருந்து காற்று வந்தது, சில்லென்று. அங்கே ஃபேன் ஓடுகிறது என்று நினைத்தேன். அப்போது ஒரு சத்தம் கேட்டது. ஈரத் துணியைத் தரையில் இழுப்பது போல, மெதுவாக. கொஞ்ச நேரம் நின்றது. மறுபடி இழுத்தது. பழைய மயிலாப்பூர் வீடுகளில் பெருச்சாளிக்குக் குறைச்சல் கிடையாது. ஆனாலும் என் கழுத்துக்குப் பின்னால் மயிர் சிலிர்த்ததை மறைக்க மாட்டேன்.

முனையைக் கழற்ற வசதியாகக் கேபிளைக் கொஞ்சம் என் பக்கம் இழுத்தேன். வரவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தி இழுத்தேன். அப்போது அது அந்தப் பக்கம் போயிற்று.

இரண்டு அங்குலம் இருக்கும். என் விரல்களுக்குள்ளேயே வழுக்கிக்கொண்டு சுவருக்குள் போனது. நின்றது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தேன். மறுபடி ஒரு முறை இழுபட்டது, முதல் தடவையைவிட பலம் குறைவாக. எலி, என்று மனசுக்குள் சொன்னேன். வேறெதையும் மனசு யோசிக்க நான் நேரம் கொடுக்கவில்லை. முனையைத் திருகிக் கழற்றிக் கீழே போட்டுவிட்டு, அவசரமாக வெளியே வந்து முழங்காலைத் தட்டிக்கொண்டேன்.

அதன் பிறகு மெஷினை மூன்று தடவை போட்டு மூன்று தடவை அணைத்துக் காட்டினேன். மூன்று தடவையும் பிசிறில்லாமல் அணைந்தது. பெரியவர் கடிகாரத்தைப் பார்த்து ஒவ்வொரு தடவையும் நேரம் குறித்தார். “பேஷ்,” என்றார், “இருபத்திரண்டு செகண்டு.” எனக்கும் சந்தோஷம்தான். ஸ்க்ரூ டிரைவரை எடுக்க மறுபடி குனிந்தபோதுதான் பார்த்தேன். நான் கழற்றிப் போட்ட கேபிள் போட்ட இடத்தில் இல்லை. மேஜைக்கடியில் சுருண்டிருந்த நீளம் முழுவதும் உள்ளே போய்விட்டது. அதன் பித்தளை முனை ஓட்டையில் நுழைய முடியாமல் சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே லேசாக அசைந்தது.

பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். பதினொன்றரை மணி.

மத்தியானம் பாண்டி பஜார் பக்கம் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் வேலை. கம்ப்யூட்டர் வகுப்பும் ஆரம்பிக்கப் போகிறார்கள், அதற்கு அதே கறுப்புக் கேபிள் போட வேண்டும். நானும் என்னோடு வேலை பார்த்த நண்பனும் போயிருந்தோம். பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான். துளை வழியாகக் கேபிளை விட்டு நான் என் பக்கம் இழுத்தேன். வரவில்லை. அடுத்த நொடி அது அவன் பக்கம் போயிற்று, என் விரல்களுக்குள்ளேயே வழுக்கிக்கொண்டு.

“மச்சி, வுடு. நான் இழுத்துக்கினு கீறேன், நீயும் இழுத்தா எப்டி?” என்று அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

கேபிளைக் கீழே போட்டேன். எலி இழுத்தால் வெடுக் வெடுக்கென்று இழுக்கும். இழுத்துவிட்டு, எதிர்ப்பக்கம் என்ன செய்கிறது என்று காத்திருந்து, மறுபடி இழுப்பது மனிதன்தான். காலையிலேயே என் விரல்களுக்கு அது தெரிந்திருந்தது. நான்தான் அவற்றைப் பேச விடவில்லை.

இன்ஸ்டிடியூட் போனிலிருந்தே மயிலாப்பூருக்குச் சுழற்றினேன். பெரியவர்தான் எடுத்தார்.

“சார், உங்க தம்பி வீட்டைக் கொஞ்சம் எட்டிப் பாருங்க. அவருக்கு உடம்பு சரியில்லையோன்னு தோணுது.”

“மெஷின் நன்னா இருக்கு,” என்றார். “அதுக்கு மேல நீங்க கவலைப்பட வேண்டாம்.” வைத்துவிட்டார். மறுபடி சுழற்றினேன். எடுக்க ஆளில்லாமல் அடித்துக்கொண்டே இருந்தது.

கீழே ஓடி வந்து ஓர் ஆட்டோவை மடக்கினேன். மூன்று மணி வெயில். பாண்டி பஜாரைத் தாண்டுவதற்குள் டிரைவர் கண்ணாடியில் என்னை நாலு தடவை பார்த்துவிட்டார்.

“இன்னா சார், மூஞ்சி பேயறைஞ்ச மாறி கீது? ஊட்ல யார்க்கனா ஒடம்பு சரியில்லியா?”

“தெரியலீங்க. அதான் பார்க்கப் போறேன்.”

“தெரியாமயே இம்மாந் தொரத்து தொரத்துறே என்னை,” என்றவர், அதற்கப்புறம் ஒன்றும் கேட்காமல் சந்து சந்தாகப் புகுந்து ஓட்டினார். மயிலாப்பூரில் இறங்கியபோது, “நானும் வரேன் வா,” என்று வண்டியை ஓரம் கட்டினார்.

தம்பியின் வாசல் பக்கத்துச் சந்தில் இருந்தது. கதவிடுக்கில் காலைப் பேப்பர் செருகியபடியே நின்றது. தட்டினேன், உடைந்துவிடும் என்கிற அளவுக்குத் தட்டினேன். உள்ளே ஃபேன் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. டிரைவர் கதவில் தோளைக் கொடுக்கத் தயாரானபோது சந்து முனையிலிருந்து மாமி வந்தார். ஓடி வரவில்லை, செருப்பில்லாமல் நடந்து வந்தார், ஒவ்வொரு அடியையும் யோசித்து வைப்பவர் போல. கையில் ஒரு சாவி இருந்தது. பையன் ஊருக்குப் போகும்போது அவரிடம் ரகசியமாகக் கொடுத்துவிட்டுப் போனது என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அதை என் கையில் கொடுக்காமல் அவரே திறந்தார்.

தம்பி சுவரை ஒட்டி, முகத்தின் ஒரு பக்கம் தரையில் அழுந்த, கிடந்தார். நாற்காலி சாய்ந்திருந்தது. மேஜை மேல் அவருடைய மெஷின் ஒரு குறையுமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. விழும்போதோ விழுந்த பிறகோ அவர் கைக்கு எட்டியது அந்தக் கேபிள் ஒன்றுதான். அதை மெஷினிலிருந்து பிடுங்கியிருந்தார், அதனால்தான் முந்தின நாள் சாயங்காலம் அண்ணனின் மெஷினுக்குப் பதில் போகவில்லை. இழுத்த கேபிள் அவர் மார்புக்கு அடியில் சுருள் சுருளாகக் கிடந்தது. இடது கை அதை இறுக்கிப் பிடித்திருந்தது. வலது கையும் காலும் அவருடையவையே இல்லை போலக் கிடந்தன. கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தது, பிறகு மெதுவாகத் திரும்பி ஓட்டையைப் பார்த்தது. அதில் ஒரு பித்தளைப் புள்ளி மின்னியது.

விரல்கள் கேபிளை விடவில்லை. ஒவ்வொன்றாக நான்தான் பிரித்தேன். பிரிக்கப் பிரிக்க எனக்கு அழுகை வந்தது. டிரைவர், “நைனா, கண்ணைத் தொறந்துக்கினே இரு, தூங்கிடாதே,” என்று அவரிடம் பேசிக்கொண்டே தூக்கினார். நிலைப்படிக்கு வெளியே பெரியவர் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. உள்ளே காலை வைக்கவில்லை. நாங்கள் தூக்கிக்கொண்டு தாண்டும்போது, “டேய்,” என்றார். ஏழு வருடத்துக்குப் பிறகு தம்பியிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். தம்பியின் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. சத்தம் வரவில்லை.

அடையாறில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பக்கவாதம். இன்னும் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருக்கலாம் என்றார் டாக்டர். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று அவரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தைரியம் வரவில்லை. பதினோரு நாள் உயிரோடு இருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. பெரியவர் தினமும் காலையில் போய் உட்கார்ந்து, விட்டுப்போன ஏழு வருடத்தையும் ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

எல்லோரும் என்னைப் புகழ்ந்தார்கள். எப்படித் தெரிந்தது என்று கேட்டவர்களிடமெல்லாம் ஒரே பதிலைச் சொல்லிவைத்திருந்தேன்: எப்போதும் ஓடும் மெஷின் பதில் சொல்லவில்லை, யோசித்துப் பார்த்தேன், சந்தேகம் வந்தது. முதலாளிகூட வருகிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிப் பெருமைப்பட்டார். கேபிள் இழுபட்டதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

பதின்மூன்றாம் நாள் காரியத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள். சாப்பிட்டுவிட்டுக் கொல்லைப்புறம் கை கழுவப் போனேன். மாமி குழாயடியில் நின்றுகொண்டிருந்தார். நான் கை கழுவி முடிக்கும் வரை காத்திருந்தார்.

“நேக்குக் கேட்டுது,” என்றார்.

நான் அவரைப் பார்த்தேன்.

“அன்னிக்கு முதல் நாள், நாலு மணி இருக்கும். ஏதோ விழற சத்தம். அப்புறம் ராத்திரி பூரா தரையிலே தேய்க்கறாப்ல. இவர்கிட்ட சொல்லணும்னு ரெண்டு தடவை வாயெடுத்தேன். அந்தப் பக்கத்துப் பேச்சை எடுத்தா இவர் நாலு நாள் சாப்பிட மாட்டார். விட்டுட்டேன். சாவி என்கிட்டதான் இருந்தது, உங்களுக்கே தெரியுமே.” முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். “மறுநாள் நீங்க வந்து மேஜைக்கடியிலே உக்காந்து அந்த ஒயரைக் கழட்டினேளே. அப்போ உங்களுக்கு ஏதாவது தெரிஞ்சுதா?”

அவர் குற்றம் சாட்டிக் கேட்கவில்லை. இந்த வீட்டில் தன்னோடு இன்னொரு ஆளுக்கும் அது தெரிந்திருக்குமா என்று கேட்டார். ஆமாம் மாமி என்று சொன்னால் போதும். என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“இல்லை மாமி,” என்றேன். “எனக்கு ஒண்ணும் தெரியலை.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்,” என்றார். “ஒரு மெஷின் சொன்னதை வெச்சுண்டு அவ்வளவு தூரம் ஓடி வந்தேள். கூடவே இருந்தவ நான்தான்.” குழாயை இறுக்கி மூடிவிட்டு, அடுத்த பந்திக்கு இலை போட உள்ளே போனார்.